ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆக என்ன படிக்கணும்? ரெரா பதிவு மட்டும் போதுமா?

காவிரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூர் பக்கம் இருக்கிறேன். பி.காம் முடித்தவள், வயது 29. வீட்டுக்கடன் ஏஜென்சி ஒன்றில் ஃபீல்டு வேலை. கடன் கேட்கிறவர்களிடம் பத்திர நகல்களை வாங்கி, ஜெராக்ஸ் போட்டு, வங்கியின் பேனல் வக்கீலிடம் சேர்ப்பது, சொத்து உரிமை சரியாக இருக்கிறதா என்று அவர் லீகல் ஒப்பீனியன் கொடுத்ததும் திரும்ப வாங்கி வருவது. இதுதான் தினமும்.

அந்த ஒப்பீனியனில் சில சமயம் "தாய்ப்பத்திரம் (முந்தைய மூலப் பத்திரம்) சமர்ப்பிக்கப்படவில்லை" என்றோ "வாரிசுகளில் ஒருவர் கையெழுத்து இடவில்லை" என்றோ இருக்கும். அதை நான்தான் வாடிக்கையாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும். "அதனால என்னம்மா? பட்டா என் பேர்லதானே இருக்கு" என்பார்கள். பதில் சொல்லத் தெரியாமல் வக்கீல் நம்பரைக் கொடுத்துவிட்டு வருவேன். போகப் போக அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை கடன் வேலையைவிடப் பெரிதாகிவிட்டது. இந்தத் துறைக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

என் கேள்விகள்: தமிழ்நாட்டில் ஏஜென்ட் லைசென்ஸ் வாங்கப் பரீட்சை உண்டா? ஒரு பயிற்சி நிலையம் "அரசு அங்கீகார லைசென்ஸ் கோர்ஸ்" என்று விளம்பரம் போட்டு என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்கிறது. சேரலாமா? சேராவிட்டால் எதிலிருந்து படிக்க ஆரம்பிப்பது? எனக்குப் பெரியப்பா முறை ஆகிறவர் முப்பது வருஷமாக நிலத் தரகு பார்க்கிறார். "லைசென்ஸ் எல்லாம் எதுக்கும்மா, எங்கூட வா, தானா வந்துடும்" என்கிறார். அவர் நல்ல மனுஷர். ஆனால் அவர் சொல்வது சரியா என்று தெரியவில்லை.

---

கோட்டை_ஏஜென்ட் எழுதியது:

திருச்சியில் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிந்து தொழில் செய்கிறேன். நடைமுறையை மட்டும் சொல்கிறேன், மற்றதை அனுபவசாலிகள் சொல்லட்டும்.

நாம் லைசென்ஸ் என்று சொல்வது, 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 9-வது பிரிவின்படி செய்யும் ஏஜென்ட் பதிவு. இந்தப் பிரிவு 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரெராவில் பதிவான திட்டம் ஒன்றில் மனையோ ஃபிளாட்டோ விற்றுக் கொடுக்க வேண்டுமானால் இந்தப் பதிவு கட்டாயம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் போடும் லேஅவுட்டும், எட்டு வீட்டுக்கு மேல் கட்டும் அடுக்குமாடியும் பதிவாக வேண்டிய திட்டங்கள். ஒருவர் தான் குடியிருக்கும் பழைய வீட்டை விற்பது, ஒரு விவசாயி தன் வயலை விற்பது எல்லாம் இதில் வராது. உங்கள் பெரியப்பா அந்த மாதிரி வியாபாரம் மட்டும் பார்த்திருந்தால் அவர் சொல்வது அவர் வரைக்கும் சரிதான். ஆனால் லேஅவுட்டில் ஒரு மனை விற்றுக் கொடுத்துப் பதிவு இல்லாமல் மாட்டினால், 62-வது பிரிவின்படி நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம். அந்தச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அது ஏறும்.

நான் பதிந்தபோது பரீட்சை எதுவும் இல்லை. விண்ணப்பம், பான், ஆதார், முகவரிச் சான்று, போட்டோ, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, கட்டணம், அவ்வளவுதான். பதிவு ஐந்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒரே பதிவு மாநிலம் முழுவதற்கும் போதும். வேறு மாநிலத்துத் திட்டம் விற்கப் போனால் அங்கே தனியாகப் பதிய வேண்டும். மகாராஷ்டிராவில் 2023-ல் ஏஜென்ட்டுகளுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள். அந்தச் செய்தியைக் காட்டித்தான் இங்கேயும் கோர்ஸ் விற்கிறார்கள்.

எந்தத் தனியார் நிலையமும் உங்களுக்கு லைசென்ஸ் கொடுக்க முடியாது. கொடுக்கும் அதிகாரம் ரெரா ஆணையத்துக்கு மட்டும்தான்.

---

பத்திரக்கட்டு எழுதியது:

தங்கச்சி, பதிவைப் பற்றிக் கோட்டை சார் சொல்லிவிட்டார். எதிலிருந்து படிப்பது என்று கேட்டீர்களே, அதற்கு நான் வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கும்பகோணத்தில் ஓர் ஆவண எழுத்தரிடம் வேலை பார்த்துவிட்டு அப்புறம் ஏஜென்ட் ஆனவள். அங்கே என் வேலை, கட்சிக்காரர் கொண்டு வரும் பழைய பத்திரங்களை வாசித்து, சொத்து விவரத்தைப் புதுப் பத்திரத்தில் ஏற்றுவது. முதலாளி ஒரு பழக்கம் வைத்திருந்தார். எந்தக் கட்டு வந்தாலும் மேலே இருப்பதை முதலில் வாசிக்க விடமாட்டார். அடியில் இருக்கும் பழையதை உருவி, "இதுல வாங்குனவர் யாரு? அடுத்ததுல விக்கிறவர் யாரு? ரெண்டும் ஒரே ஆளா?" என்று கேட்பார். ஒரே ஆளாக இல்லாவிட்டால், நடுவில் என்ன நடந்தது என்று காகிதத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியைத் தாண்டி நம் தொழிலில் பெரிய பாடம் கிடையாது என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். சட்டப் புத்தகம் அதற்கு அப்புறம்தான். நிலத்தின் கதையை வாசிக்கத் தெரியாதவருக்குச் சட்டம் மனதில் ஒட்டாது.

உங்கள் வீட்டு மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே நம்பர் கொடுத்து ஈசியை, அதாவது வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம், பார்ப்பதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. கணினியில் ஏறாத காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண், வருடம், ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், கைமாற்றுத் தொகை, சொத்து விவரம் எல்லாம் இருக்கும். ஒரு நோட்டில் பழைய வருடத்திலிருந்து தொடங்கி, யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை சென்ட் போனது என்று கையாலேயே எழுதுங்கள். போனில் டைப் அடிக்காதீர்கள். கையால் எழுதும்போதுதான் இனிஷியல் மாறியிருப்பதும், 1 ஏக்கர் போன இடத்தில் 90 சென்ட் வந்திருப்பதும் கண்ணில் படும்.

ஒரு கதை வைத்துச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், உறவுமுறை போதும்.

1978-ல் அப்பா தன் சம்பாத்தியத்தில் 1 ஏக்கர் 24 சென்ட் கிரயம் வாங்குகிறார். ஈசியில் வருகிறது. 1994-ல் இரண்டு மகன்கள் ஆளுக்கு 62 சென்ட் என்று பாகப்பிரிவினை எழுதிப் பதிகிறார்கள். அதுவும் வருகிறது. 2009-ல் மூத்தவர் தன் 62 சென்ட்டை அடமானம் வைக்கிறார், 2015-ல் அடைத்து ரசீது பதிகிறார். இப்போது விற்க வந்திருக்கிறார். பட்டா அவர் பெயரில். கடன் இல்லை. ஈசியைப் பார்த்தால் பழுது சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் வாடிக்கையாளர் கேட்ட கேள்வியைத்தான் இவரும் கேட்பார்: இதற்கு மேல் என்ன வேண்டும்?

முதலாளி கேள்வியைப் போடுங்கள். 1978-ல் வாங்கியவர் அப்பா. 1994-ல் எழுதியவர்கள் மகன்கள். ஒரே ஆள் இல்லை. நடுவில் அப்பா 1991-ல் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். சாவு ஈசியில் வராது. அவருக்கு மனைவி உண்டு, ஒரு மகளும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் சுயசம்பாத்தியச் சொத்து மனைவிக்கும் மகன்களுக்கும் மகளுக்கும் சமமாகப் போகும். நாலு பேர், ஆளுக்குக் கால் பங்கு. இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து முழுசையும் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா பிறகு உயில் இல்லாமல் காலமானால் அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் பிரியும். மகளுக்கு இப்போது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. அவள் எந்தப் பத்திரத்திலும் இல்லை, ஆகவே ஈசியிலும் இல்லை. ஆனால் நிலத்தில் இருக்கிறாள். இதற்குத்தான் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றைக் கேட்கிறோம். மகளிடம், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டும், அல்லது அவளும் சேர்ந்து கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: அப்பாவுக்கு அது எப்படி வந்தது? அதே நிலம் தாத்தா வழிப் பூர்வீகம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு மாறிவிடும். தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டு வந்து மகளுக்கும் பூர்வீகத்தில் மகனைப் போல் பங்கு கொடுத்தது, ஆனால் அந்த மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. 2005 மத்தியத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. இருந்தாலும் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. ஆகவே 1987-ல் கல்யாணமான மகள் என்றால், இந்த 1994 பத்திரத்துக்கு முன்னால் பூர்வீகப் பங்காளியாக நிற்க முடியாது, அப்பாவின் சொந்தப் பங்கில் மட்டும் வாரிசாக வருவாள். ஒரே குடும்பம், ஒரே மகள். 1978 பத்திரத்தில் "சுயார்ஜிதம்" (சொந்தச் சம்பாத்தியம்) என்று இருக்கிறதா, "பிதுரார்ஜிதம்" (பூர்வீகம்) என்று இருக்கிறதா என்பதில் இத்தனை வித்தியாசம். இந்தத் தேதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு குடும்பத்தின் கதையோடு சேர்த்துப் படித்தால் அவை தானாக நிற்கும்.

இப்படி ஒரு கட்டை முடித்த பிறகு சட்டத்தைத் திறங்கள். சொத்து மாற்றுச் சட்டம் 1882-ல் 54-வது பிரிவு கிரயம், 58 அடமானம், 122 முதல் தானம். பதிவுச் சட்டம் 1908-ல் 17-வது பிரிவு, எவையெல்லாம் பதிந்தே ஆக வேண்டும் என்று சொல்வது. தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்துக்கு 1872 ஒப்பந்தச் சட்டத்தின் ஏஜென்சி அத்தியாயம். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது என்பதுதான் பொது விதி. அதனால்தான் பவர் ஏஜென்ட் கிரயம் செய்து கொடுக்கும்போது, பவர் எழுதிக்கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்று மருத்துவர் சான்று கேட்கிறார்கள். பவரையும் ஒப்பந்தத்தையும் வைத்துக்கொண்டு "வாங்கிட்டேன்" என்று சொல்கிறவர்களுக்கு 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் உரிமை மாறாது என்று.

ரெரா சட்டத்தில் 10-வது பிரிவைத் தினம் ஒரு தடவை வாசித்தாலும் தகும், அது நம்மைப் பற்றியது. பதிவாகாத திட்டத்தை விற்கக் கூடாது, கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது, வாங்குகிறவருக்கு உரிய எல்லா ஆவணத்தையும் கிடைக்கச் செய்ய வேண்டும். 13-வது பிரிவில், விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. சைட்டுக்கு வந்த உற்சாகத்தில் பாதிப் பணத்தைக் கட்டத் தயாராக நிற்பவரிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் ஏஜென்ட்தான். திட்டத்தைப் போட்டு விற்கும் புரமோட்டருக்குப் பிடிக்காது. சொல்லியே ஆக வேண்டும்.

கோர்ஸ் பற்றி: நல்ல வக்கீலோ ஓய்வு பெற்ற சார்பதிவாளரோ வகுப்பெடுத்தால் போகலாம், அறிவு எங்கே கிடைத்தாலும் நல்லது. லைசென்ஸ் கிடைக்கும் என்று சொல்லி வாங்கினால் வேண்டாம். காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடப்புத்தகம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. தினமும் கையில் சுமக்கிறீர்களே, பத்திர நகலும் அதற்கு வக்கீல் கொடுத்த ஒப்பீனியனும். கேள்வியும் விடையும் பக்கத்தில் பக்கத்தில். ஏஜென்சியில் அனுமதி கேட்டுக்கொண்டு, ஒப்பீனியனைத் திறக்கும் முன் நீங்களே கட்டை வாசித்து நாலு வரி எழுதிப் பாருங்கள். அப்புறம் வக்கீல் எழுதியதோடு ஒப்பிடுங்கள். ஆட்களின் விவரத்தை மட்டும் வெளியே பேசக் கூடாது.

---

சர்வேசெயின் எழுதியது:

நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அம்மணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் புது ஏஜென்ட்டுகள் காகிதத்தில் கெட்டியாக இருந்துவிட்டு வரப்பில் கோட்டை விடுகிறார்கள்.

அந்த 62 சென்ட்டையே எடுங்கள். பத்திரம் சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேரில் பேசும். பட்டாவில் 0.24.50 என்று இருந்தால் 24.5 ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட். பெருக்கினால் 60.5 சென்ட் வருகிறது. பத்திரத்தில் 62. ஏறக்குறைய ஒன்றரை சென்ட் குறைகிறது, 600 சதுர அடிக்கு மேல். இது எழுத்துப் பிழையா, பாதைக்குப் போனதா, பக்கத்து வயல்காரர் பட்டாவில் ஏறியதா என்று பார்க்காமல் விலை பேசக் கூடாது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, 100 சென்ட் ஒரு ஏக்கர், 247 சென்ட் ஒரு ஹெக்டேர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

நான்கெல்லையை வாசிப்பதில் நிறைய பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பத்திரத்தில் "வாய்க்காலுக்கு மேற்கு" என்றால் நம் நிலம் வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது, அதாவது வாய்க்கால் நமக்குக் கிழக்கே. "தெருவுக்குத் தெற்கு" என்றால் தெரு வடக்கே, வாசல் வடக்குப் பார்த்தது. வாங்குகிறவர் கிழக்குப் பார்த்த மனைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பார், நீங்கள் தெற்கும் வடக்கும் மாற்றிச் சொல்லி அழைத்துப் போனால் அன்றோடு நம்பிக்கை போய்விடும்.

எஃப்எம்பி என்னும் புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போங்கள். அதில் உள்ள அளவெல்லாம் மீட்டரில். மூலைக் கல் இருக்கிறதா, வரைபடத்தில் இல்லாத பாதை தரையில் ஓடுகிறதா என்று சுற்றி நடந்து பாருங்கள். பழைய பத்திரத்தில் ஒரு சர்வே நம்பரும் இப்போதைய பட்டாவில் வேறு நம்பரும் இருந்தால் பயப்பட வேண்டாம். 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில் நம்பர்கள் மாறியிருக்கலாம். பழைய நம்பருக்குப் புது நம்பர் எது என்று தாலுகா அலுவலகப் பதிவேட்டில் ஒப்பிட வேண்டும். அந்தப் பணியில் பெயர்கள் தவறாக ஏறிய பட்டாக்களும் உண்டு. பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு, அதை மட்டும் வைத்து உரிமையாளர் இவர்தான் என்று அடித்துச் சொல்லக் கூடாது. கிராமத்தின் நில விவரமெல்லாம் இருக்கும் அ-பதிவேட்டையும் பாருங்கள். புறம்போக்கு, கோயில் நிலம், 1892-ல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் போன்றவற்றின் தடயம் அங்கேதான் முதலில் தென்படும். பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்க முடியாது. யார் பெயரில் பட்டா மாறியிருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

---

கோட்டை_ஏஜென்ட் எழுதியது:

சர்வே சார் சொன்னதோடு மனைப்பிரிவுக்கு ஒரு வார்த்தை. 2016 அக்டோபர் 20 என்ற தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டில் அந்தத் தேதிக்கு முன் மனையாகப் பதிவாகாத இடத்தை அதற்குப் பிறகு வரன்முறை ஆணை இல்லாமல் மனையாகப் பதிய முடியாது. அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் 2017-ல் வந்தது. யாராவது "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்று சொன்னால், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எண்ணைக் கேளுங்கள், வரன்முறை ஆணையைக் கேளுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் வண்டியைத் திருப்புங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை. கமிஷன் எவ்வளவு என்று ரெரா சட்டம் நிர்ணயிக்கவில்லை, பேச்சுதான். பேசியதை எழுதி வாங்குங்கள். கிரயம் தள்ளிப்போனால் கமிஷனும் தள்ளிப்போகும், மாதச் சம்பளம் மாதிரி வராது. கடன் வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். பெரியப்பாவோடு சனி, ஞாயிறு போய்ப் பாருங்கள். ஆள் பழக்கமும் பேரம் பேசும் பக்குவமும் அவரிடம்தான் கற்க முடியும், அதை எங்கள் யாராலும் எழுதிக் காட்ட முடியாது.

---

காவிரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கோர்ஸ் எண்ணத்தை விட்டுவிட்டேன். மேனேஜரிடம் கேட்டேன், ஆபீசை விட்டு எடுத்துப் போகாமல் வாசிக்கலாம் என்றார்.

அக்கா, நீங்கள் சொன்னபடி எங்கள் அம்மாவின் பிறந்த வீட்டு மனைக்கு ஈசி எடுத்து நோட்டில் எழுதினேன். 1998-ல் தாத்தா என் மாமாவுக்கு செட்டில்மெண்ட் எழுதியிருக்கிறார். 2003-ல் தாத்தாவே ஒரு ரத்துப் பத்திரம் பதிந்திருக்கிறார், அதில் மாமா கையெழுத்து இருப்பதாகத் தெரியவில்லை. 2005-ல் தாத்தா அதே மனையில் பாதியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிரயம் செய்திருக்கிறார். "வாங்கினவர் யார், விற்கிறவர் யார்" என்று போட்டுப் பார்த்தால் எனக்கு இரண்டு கோடு வருகிறது. 2005-ல் விற்க தாத்தாவுக்கு உரிமை இருந்ததா? அம்மாவிடம் கேட்டால் "அதெல்லாம் பேசி முடிச்சாச்சு" என்கிறார்.

---

பத்திரக்கட்டு எழுதியது:

தங்கச்சி, முதல் கட்டிலேயே நல்ல முடிச்சைப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டு கோடு வருகிறது என்று கண்டுபிடித்ததே பாதி வேலை.

செட்டில்மெண்ட் என்பது அன்பினால் எழுதிக் கொடுப்பது, பெரும்பாலும் தான விதிகள்தான் அதற்கும். கொடுத்தது கொடுத்ததுதான். எழுதிக்கொடுத்தவர் தன் இஷ்டத்துக்கு ஒருதலையாக ரத்து செய்ய முடியாது என்பது பொது விதி. சொத்து மாற்றுச் சட்டத்தின் 126-வது பிரிவில் சில விலக்குகள் இருக்கின்றன. இன்ன சம்பவம் நடந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டு எழுதியிருந்தால் ஒன்று, ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியிருந்தால் இன்னொன்று. பராமரிப்பதாகச் சொல்லி வாங்கிவிட்டுக் கைவிட்டால் மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் அந்தச் சட்டம் 2007-ல்தான் வந்தது, உங்கள் தாத்தா 2003-ல் ரத்து செய்ததற்கு அது உதவாது.

ஆகவே விடை ஈசியில் இல்லை, 1998 பத்திரத்தின் உள்ளே இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்கு நகல் மனுப் போடுங்கள், ஆவண எண்ணும் வருடமும் உங்கள் நோட்டில் இருக்கிறது. வந்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள். "இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்பது போல் எழுதி அப்போதே ஒப்படைத்தாரா, அல்லது "என் ஆயுளுக்குப் பின்" என்று வைத்தாரா? ரத்து செய்யும் உரிமையைப் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா? மாமா ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் உண்டா? 1998-க்குப் பிறகு வீட்டு வரியும் மின் இணைப்பும் யார் பெயரில் இருந்தன என்பது கடைசிக் கேள்விக்கு உதவும். "என் ஆயுளுக்குப் பின்" என்று இருந்தால் அது நிஜமாகவே செட்டில்மெண்ட்டா, உயிலைப் போன்றதா என்று இன்னொரு விவாதம் கிளம்பும். உயில் என்றால் தாத்தா அதை மாற்றியிருக்கலாம்.

அம்மா சொன்ன "பேசி முடிச்சாச்சு" என்பதையும் விடாதீர்கள். பேசி முடித்ததை எழுதிப் பதிந்தார்களா? மாமா பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் 2005-க்குப் பின் ஈசியில் மாமா பெயரில் ஒரு பதிவு வரும். அதைத் தேடுங்கள், சர்வே நம்பர் உட்பிரிவு ஆகியிருக்கலாம், புது உட்பிரிவு எண்ணிலும் போட்டுப் பாருங்கள்.

இதற்கு மேல் ஏஜென்ட் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உரிமை யாருக்கு என்று சொல்ல வேண்டியவர் சிவில் வக்கீல். அவரிடம் போகும்போது உங்கள் நோட்டுப் பக்கத்தோடு 1998, 2003, 2005 மூன்றின் நகலையும் கொண்டுபோங்கள். ஈசியை மட்டும் நீட்டினால் அவர் 1998 பத்திரத்தைத்தான் முதலில் கேட்பார், நீங்கள் இன்னொரு நாள் அலைய வேண்டியிருக்கும். நகல் வந்ததும் பெயர்களை எடுத்துவிட்டு முக்கியமான வரிகளை இங்கே போடுங்கள், சேர்ந்து வாசிக்கலாம்.